ஷட்டரும் பதிவேடும்

1947ஆம் ஆண்டின் சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 25ஆம் பிரிவு மூன்று விதமான விடுப்பை எழுதிவைத்திருக்கிறது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த ஆண்டில் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறை. உடம்பு சரியில்லை, அடிபட்டுவிட்டது என்றால் சம்பளத்தோடு 12 நாள். தகுந்த வேறெந்தக் காரணத்துக்கும் இன்னொரு 12 நாள். பின்னிரண்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே கிடைக்க வேண்டியவை. தியாகராய நகரில் புடவை விரித்துக் காட்டுகிற பெண்ணுக்கும், அடையாற்றைத் தாண்டித் தரமணியில் மென்பொருள் எழுதுகிற பொறியாளருக்கும் இதே பிரிவுதான். மென்பொருள் நிறுவனங்களும் இந்தச் சட்டத்தின் கீழேதான் வருகின்றன. பொறியாளர் தன் கணினியைத் திறந்து நோய் விடுப்பில் எத்தனை நாள் மிச்சம் என்று பார்த்துக்கொள்கிறார். புடவை விரிக்கிற பெண் காய்ச்சலோடு படுத்தால் அந்த மாதச் சம்பளத்தில் எத்தனை நாள் பிடிப்பார்கள் என்று கணக்குப் போடுகிறார். சட்டத்தில் ஓர் எழுத்தும் அடிக்கப்படவில்லை. அப்படியிருக்க ஒரே பிரிவு ஓரிடத்தில் உயிரோடும் இன்னோரிடத்தில் ஏட்டோடும் எப்படி நின்றுபோனது என்பதற்குச் சென்னைக் கடைத்தெருவின் வரலாற்றில்தான் விடை இருக்கிறது.

உரிமையை வெளிப்படையாகவே அடித்துவிடுவதும் உலகில் நடக்கிறது. அமெரிக்காவில் சம்பளத்துடன் நோய் விடுப்புத் தர வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் தனியார் துறைக்குக் கிடையாது. மாநிலங்களும் நகரங்களும் தாங்களாகச் செய்துகொண்டால்தான் உண்டு. மிசௌரி மாநிலத்தில் 2024 நவம்பரில் இது மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். 30 மணி நேர வேலைக்கு ஒரு மணி நேர விடுப்பு; பெரிய நிறுவனங்களில் ஆண்டுக்கு 56 மணி நேரம் வரை, அதாவது எட்டு மணி நேரக் கணக்கில் ஏழு நாள். 2025 மே 1 முதல் தொழிலாளர்கள் அதைச் சேர்க்கத் தொடங்கினார்கள். ஜூலையில் ஆளுநர் மைக் கீஹோ அதை நீக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆகஸ்ட் 28இல் விடுப்பு போய்விட்டது. மில்வாக்கி நகரத்தின் கதையும் இதே வகை. 2008இல் அந்நகர மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த நோய் விடுப்பை 2011இல் விஸ்கான்சின் மாநிலச் சட்டமன்றம் செல்லாமல் செய்தது. மிசௌரி மக்கள் கேட்டுப் பெற்று இழந்தது ஏழு நாள். சென்னைக் கடை ஊழியருக்கு முக்கால் நூற்றாண்டாகச் சட்டத்தில் இருப்பது பன்னிரண்டு நாள். ஆனாலும் மிசௌரித் தொழிலாளிக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும்: தன்னிடமிருந்து என்ன பறிக்கப்பட்டது, எந்த நாளில், யார் கையெழுத்தில் என்பது. இங்கே இழப்புக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. தேதி இல்லாத இழப்பை எதிர்த்துக் கொடி பிடிப்பது கடினம்.

இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். சென்னையில் தொழிலாளர் உரிமை பற்றிய பேச்சு ஆலைகளில்தான் தொடங்கியது. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போதவில்லை என்று முறையிட்டபோது, அதைக் காதுகொடுத்துக் கேட்டவர் அடையாற்றுப் பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியா. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, திரு.வி.க. ஆகியோர் துணை நிற்க, 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அந்த ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் உயர் நீதிமன்றம் சென்று வாடியாவுக்கு எதிராகத் தடையாணை வாங்கியது. சங்கம் வைத்ததற்காக வழக்கும் இழப்பீடும் வரலாம் என்ற அந்த அச்சமே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கான கோரிக்கையை வலுப்படுத்தியது. ஆலைத் தொழிலாளியின் பக்கம் இரண்டு சாதகங்கள் இருந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வாசலில் நுழைந்து ஒரே வாசலில் வெளியேறினார்கள். அவர்களுடைய வேலை நேரத்தை ஊரே கேட்கும்படி சங்கு ஊதிச் சொன்னது. எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள், எத்தனை மணிக்கு வெளியே வந்தார்கள் என்பதை முதலாளி மறைக்க முடியாது.

கடைச் சிப்பந்திக்கு இவை இரண்டும் இல்லை. நான்கு பேர், ஆறு பேர் என்று சிதறிக் கிடந்தார்கள். முதலாளி பெரும்பாலும் சொந்தக்காரர் அல்லது சொந்த ஊர்க்காரர். கடை எப்போது சாத்தப்படுகிறதோ அப்போதுதான் வேலை முடியும். இந்தியாவில் ஆலைகளுக்கான முதல் சட்டம் 1881இலேயே வந்துவிட்டது. கடைகளுக்கு முதன்முதலில் சட்டம் செய்த பம்பாய் அதை நிறைவேற்றியது 1939இல். சென்னை 1947இல் செய்தது. இதில் நம் கவனத்துக்குரிய ஒரு செய்தி உண்டு. அந்தச் சட்டத்தை இயற்றியது 1946இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம். சொத்தும் படிப்பும் பார்த்தே அப்போது வாக்குரிமை தந்தார்கள். மயிலாப்பூர் மாட வீதியில் பொட்டலம் மடித்த பையனுக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு இருந்திருக்க வாய்ப்பே குறைவு. ஓட்டில்லாதவருக்கு அந்த மன்றம் 36 நாள் விடுப்பை எழுதிக் கொடுத்தது. ஓட்டுள்ளவர்களின் காலத்தில் அது எப்படித் தேய்ந்தது என்பதே என் கேள்வி.

அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கடையின் இயல்பைப் புரிந்துகொண்டவர்கள். சங்கு இல்லாத இடத்தில் சங்குக்குப் பதிலாக எதை வைப்பது என்று யோசித்திருக்கிறார்கள். கடை இத்தனை மணிக்கு முன் திறக்கக் கூடாது, இத்தனை மணிக்குப் பின் திறந்திருக்கக் கூடாது என்று அரசு ஆணையிடலாம் என்றது 7ஆம் பிரிவு. வாரத்தில் ஒரு நாள் கடை முழுவதுமாக மூடியிருக்க வேண்டும், எந்த நாள் என்பதை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி மாட்ட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் அந்த நாளை மாற்றக் கூடாது என்றது 11ஆம் பிரிவு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது 9ஆம் பிரிவு. இவற்றில் முதல் இரண்டும் தெருவில் நின்றே சோதிக்கக் கூடியவை. தேனாம்பேட்டை அலுவலகத்திலிருந்து வருகிற தொழிலாளர் ஆய்வாளர் கடைக்குள் நுழையவே தேவையில்லை. எதிர்க் கடைக்காரரே புகார் சொல்லிவிடுவார், ஏனென்றால் தான் மூடியபிறகு பக்கத்துக் கடை திறந்திருந்தால் நட்டம் அவருக்கு. எட்டு மணி நேரமும் நோய் விடுப்பும் அப்படியல்ல. அவை வாழ்வது முதலாளியின் மேசைக்குள் இருக்கிற பதிவேட்டில். ஷட்டர் இறங்குவது அந்தப் பதிவேட்டுக்கு ஒரு காவல். கடை மூடியிருக்கிற வரை யாரும் வேலை செய்யவில்லை என்பது தெருவுக்கே தெரியும். வாரத்தில் ஒரு நாள் எல்லோருக்கும் விடுமுறை என்பதால், ஆளுக்கு ஆள் கெஞ்சி வாங்க வேண்டிய நிலை அந்த ஒரு நாளுக்காவது இல்லை. சட்டத்தின் பல் மிகச் சிறியது என்பதையும் சொல்லியாக வேண்டும்: எழுதப்பட்டபோது முதல் குற்றத்துக்கு அபராதத்தின் உச்சம் 25 ரூபாய். தண்டனைக்குப் பயந்து யாரும் விடுப்புக் கொடுத்திருக்க மாட்டார்கள். நடந்த அளவுக்கு நடந்ததற்குக் காரணம், மீறல் கண்ணில் பட்டதுதான்.

தியாகராய நகர் அப்போது இப்படி இல்லை. 1920களில், நீதிக்கட்சி ஆட்சியில், மாம்பலம் ஏரியை மேடாக்கிப் போட்ட குடியிருப்பு அது. பிட்டி தியாகராயரின் பெயர் ஊருக்கு, பனகல் அரசரின் பெயர் பூங்காவுக்கு. 1928இல் நல்லி சின்னசாமி செட்டியார் அங்கே பட்டுக்கடை வைத்தார். வீடுகளுக்கு நடுவே கடை என்றிருந்தது, மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து இறங்குகிற கூட்டத்தால் கடைகளுக்கு நடுவே வீடு என்றானது. ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் பாத்திரமும் துணியும் நகையும் ஒரே கட்டடத்தின் வெவ்வேறு மாடிகளுக்கு ஏறின. நான்கு பேர் வேலை செய்த தொழிலில் ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கானவர்கள் வந்தார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் இது ஆலைதான். ஆனால் ஆலையைப் போலச் சங்கம் இங்கே வளரவில்லை. காரணம் ஆள் சேர்த்த முறையில் இருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இளவயதுப் பெண்களையும் பையன்களையும் அழைத்துவந்து, கடையே தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்தது. வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் திரையில் காட்டியது இந்த உலகத்தைத்தான். கடையின் விடுதியில் படுத்திருக்கிற பெண்ணுக்கு, விடுப்புக் கொடுப்பவரும் படுக்க இடம் கொடுப்பவரும் ஒருவரே. “உடம்பு முடியல, சார்” என்று சூப்பர்வைசரிடம் சொல்லும்போது அந்தப் பெண் கேட்பது ஒரு நாள் சம்பளத்தை மட்டும் அல்ல. வேலை போனால் அன்றிரவு தங்க இடமும் போகும். ஆடித் தள்ளுபடியும் தீபாவளிக் கூட்டமும் உள்ள மாதங்களில் அந்தச் சொல் வாயை விட்டு வராது. இத்தனைக்கும் நடுவில் மாறாமல் நின்றது ஒன்றுதான்: இரவு குறிப்பிட்ட ஒரு நேரத்தில் ஷட்டர் இறங்கியே தீர வேண்டும்.

2019இல் அந்த ஷட்டர் மேலேயே நின்றது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைகளும் நிறுவனங்களும் ஆண்டின் எல்லா நாளும், நாளின் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழ்நாடு அரசு மூன்று ஆண்டுகளுக்கு ஆணையிட்டது. 2022இல் நீட்டித்தார்கள்; 2025இல் மறுபடி நீட்டித்தார்கள். இடையில் ஆட்சி மாறியது, ஆணை மாறவில்லை. இதற்குச் சட்டமன்றத்தில் வாக்கெடுப்புத் தேவைப்படவில்லை. விலக்கு அளிக்கும் அதிகாரத்தை 1947 சட்டமே அரசின் கையில் கொடுத்திருந்தது. ஓர் அறிவிக்கை போதும். மிசௌரியிலாவது உறுப்பினர்கள் எழுந்து நின்று வாக்களித்தார்கள், யார் எந்தப் பக்கம் என்று பதிவாயிற்று.

ஆணையை எழுதியவர்கள் தொழிலாளியை மறந்துவிட்டார்கள் என்று சொன்னால் அது நியாயமாகாது. நிபந்தனைகள் கவனமாகவே இருக்கின்றன. ஒவ்வோர் ஊழியருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை. நாளைக்கு எட்டு மணி நேரம். கூடுதல் நேரத்தையும் சேர்த்தால் பத்தரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சம்பளம் வங்கிக் கணக்கில் விழ வேண்டும். எழுத்து மூலமாகச் சம்மதம் தராத பெண்ணை இரவு எட்டு மணிக்குமேல் வைத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொன்று: அன்றன்றைக்கு யார் யார் விடுமுறையில், விடுப்பில் இருக்கிறார்கள் என்பதைக் கடையில் பார்வையில் படும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும். ஷட்டரை எடுத்தவுடன் பதிவேட்டுக்குக் காவல் இல்லாமல் போகும் என்பது ஆணையை எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஷட்டர் செய்த வேலையை ஒரு தாளிடம் ஒப்படைத்தார்கள். ஆனால் ஷட்டரைப் பார்த்தவர்கள் தெருவில் போனவர் அத்தனை பேரும். தாளை எழுதுபவர் முதலாளி, மாட்டுபவர் மேலாளர், அது பொய் என்று சொல்லக் கூடியவர் அதில் பெயர் இருக்கிற அந்தப் பெண் ஒருத்தி மட்டுமே. பொய் என்று அவர் சொல்லத் துணிகிற நிலை இருந்திருந்தால் தாளே தேவைப்பட்டிருக்காது.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு, அவற்றில் சிலவற்றுக்கு வலு இருக்கிறது. முதலாவது, இரவிலும் கடை திறந்தால் கூடுதல் ஷிஃப்ட், கூடுதல் வேலை. இரவு வேலை முடித்து வருகிறவருக்கும் சாமான் வாங்க இடம் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். நகரம் மாறியிருக்கிறது, 1947இன் நேரப்பட்டியலை அப்படியே வைத்திருக்கச் சொல்வதில் பொருளில்லை. இந்த வாதம் கடை திறந்திருக்கும் நேரத்தைப் பற்றியது. என் கவலை, அந்த நேரக் கட்டுப்பாடு தற்செயலாகச் செய்துவந்த இன்னொரு வேலையைப் பற்றியது. அதை எடுக்கும்போது ஈடாக அதே அளவு வலுவுள்ள ஒன்றை வைத்தார்களா என்பதே கேள்வி. ஆணையோடு கூடவே ஆய்வாளர்களின் எண்ணிக்கையை உயர்த்தியிருக்கலாம். அபராதத்தை உறைக்கிற அளவுக்கு ஏற்றியிருக்கலாம். விடுப்புக் கணக்கைச் சம்பளச் சீட்டில் அச்சிடச் சொல்லியிருக்கலாம். கடைசியாகச் சொன்னதற்குக் காசும் ஆகாது.

இரண்டாவது வாதம், சின்னக் கடைக்காரருக்கு விடுப்புத் தருவது கட்டுப்படியாகாது என்பது. மயிலாப்பூரில் தெற்கு மாட வீதியில் இரண்டு பேரை வைத்துப் பூஜைச் சாமான் விற்கிறவருக்கு ஓர் ஆள் வராவிட்டால் கடையே பாதி. உண்மைதான். ஆனால் 24 மணி நேர ஆணை அவருக்கானது அல்ல. பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்களுக்கானது. அவர் இன்றும் பழைய நேரக் கட்டுப்பாட்டுக்குள்ளேதான் இருக்கிறார். ஆக, தாங்கும் சக்தி உள்ள பெரிய கடைக்குத் தளர்வும் இல்லாத சின்னக் கடைக்குக் கட்டும் என்று முடிந்திருக்கிறது. சின்னக் கடைகளின் சுமையைக் காட்டிப் பெரிய கடைகளின் கடமையைக் குறைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

மூன்றாவதுதான் கனமானது: ஈ.எஸ்.ஐ. இருக்கும்போது முதலாளி எதற்கு இன்னொரு முறை நோய் விடுப்புத் தர வேண்டும்? 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் தொடங்கிய இந்தத் திட்டத்தின்படி, நோயுற்ற தொழிலாளிக்குச் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கிறது. தியாகராய நகருக்குப் பக்கத்திலேயே கே.கே. நகரில் பெரிய ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. முதலாளி மாதாமாதம் தன் பங்கைக் கட்டுகிறார். நீண்ட நோய்க்கு இதைவிட நல்ல ஏற்பாடு நம்மிடம் இல்லை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு நோய்த் தொடரின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. முன்பு பணம் வாங்கிய நோய் முடிந்து பதினைந்து நாளுக்குள் மறுபடி விழுந்தால் மட்டுமே விலக்கு. மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவர் அதில் வரமாட்டார். கடை ஊழியரைப் படுக்கவைப்பது எது? நாள் முழுக்க நின்றதால் வருகிற கால் வீக்கம், மாதவிடாய் வலி, இரண்டு நாள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. அதாவது, காப்பீடு தொடங்குவதற்குள் முடிந்துவிடுகிற நோய்கள். அந்த இரண்டு நாளை நிரப்பத்தான் 25ஆம் பிரிவு இருக்கிறது. உச்ச நீதிமன்றமும் இந்துஸ்தான் டைம்ஸ் ஊழியர் வழக்கில், ஈ.எஸ்.ஐ. இருப்பதால் சம்பளத்துடன் நோய் விடுப்புக்கு இடமில்லை என்ற முதலாளி தரப்பு வாதத்தை 1963இலேயே ஏற்க மறுத்துவிட்டது.

கண்ணில் படுகிற உரிமைக்கு இன்றும் உயிர் இருக்கிறது என்பதற்கு அண்மைக்கால உதாரணங்களே போதும். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள், விஜியின் ‘பெண்கூட்டு’ அமைப்பின் கீழ், உட்கார உரிமை கேட்டுப் போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சென்னையில் மசோதாவை வைத்தார். கடை ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்ற 22-அ பிரிவு நம் சட்டத்திலும் ஏறியது. நாற்காலி இருக்கிறதா இல்லையா என்பதைப் புடவை வாங்க வந்தவர் பார்த்தே சொல்லிவிடலாம். ஷட்டரைப் போலவே இதுவும் பதிவேட்டுக்கு வெளியே நிற்கிற உரிமை. இன்னொன்று 2023இல் நடந்தது. எட்டு மணி நேர வரம்பிலிருந்து ஆலைகளுக்கு விலக்கு அளிக்க வழிசெய்த தொழிற்சாலைகள் திருத்த மசோதாவை ஏப்ரல் 21 அன்று சட்டமன்றம் நிறைவேற்றியது. பன்னிரண்டு மணி நேர வேலை என்ற சொல் ஒரே நாளில் மாநிலம் முழுக்கப் பரவியது. ஆளும் கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்தன. ஏப்ரல் 24இல் நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் ஸ்டாலின் அது திரும்பப் பெறப்பட்டது என்று அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் முதல் மே தினம் கொண்டாடிச் சரியாக நூறு ஆண்டு ஆகியிருந்த நாள் அது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா பத்து நாளில் விழுந்தது. கடைகளுக்கான அறிவிக்கையோ மூன்று முறை வந்தும் ஒரு வெளிநடப்பைக்கூடச் சந்திக்கவில்லை. ஆலைக்குச் சங்கம் இருந்தது, மன்றத்தில் விவாதம் இருந்தது, எட்டா பன்னிரண்டா என்று யாருக்கும் புரிகிற ஓர் எண் இருந்தது. கடைக்கு இம்மூன்றில் எதுவும் இல்லை.

சட்டமன்றம் செய்ததைச் சட்டமன்றமோ அதன் பெயரால் அரசோ மாற்றக் கூடாதா என்று கேட்கலாம். மிசௌரியில் நீக்கியவர்களின் வாதமும் இதுவே. மாற்றலாம். மக்களாட்சியில் எந்தச் சட்டமும் கல்லில் வெட்டியது அல்ல. ஆனால் மாற்றுகிறவர் மாற்றுகிறேன் என்று சொல்லி மாற்ற வேண்டும். அடுத்த தேர்தலில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். தேர்தல் நாளன்று கடை ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு. அந்த ஒரு நாள் விடுமுறையைத் தேர்தல் ஆணையமும் தொழிலாளர் துறையும் ஒவ்வொரு தேர்தலிலும் முன்கூட்டியே அறிவித்து, புகார் எண் கொடுத்து, தராத நிறுவனம் மீது நடவடிக்கை என்று எச்சரிக்கின்றன. அந்த ஒரு நாளுக்குச் செய்ய முடிவதைக் காய்ச்சல் வந்த நாளுக்கும் செய்ய முடியும்.

இப்போது நடப்பில் உள்ள நீட்டிப்பு 2028இல் முடிகிறது. நான்காவது முறை கையெழுத்திடுவதற்கு முன் அந்த அறிவிக்கை சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். விடுப்பில் இருப்பவர் பட்டியல், வாடிக்கையாளர் நுழைகிற வாசலில், நாற்காலியைப் போல எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டிலும், தமிழில், நோய் விடுப்பு பன்னிரண்டில் எத்தனை நாள் மிச்சம் என்ற ஒரு வரி அச்சாக வேண்டும். தரமணியில் மிச்சத்தைக் கணினியில் காட்டுவது ஏற்கெனவே நடக்கிறது. அதே சட்டத்தின் அதே பிரிவின்படி உஸ்மான் சாலையிலும் நடக்க, புதிதாக எந்தச் சட்டமும் தேவையில்லை.